சொந்த ஊர்ல டூரிஸ்ட்டா போனேன் பாப்பா

பாப்பா,

எப்படி இருக்க? குளிர் கொறஞ்சுதா? போன் பண்ணா மெட்ரோல இருக்கேன் அப்புறம் பேசறேன்னு வெச்சிடற, வாய்ஸ் மெசேஜ் அனுப்பினா ஸ்பீடு ஏத்தி வெச்சு கேக்கறேன்னு அன்னைக்கு நீயே உளறிட்ட, அதான் இந்த தடவ உக்காந்து டைப் பண்றேன். ரெண்டு நாளா கொஞ்சம் கொஞ்சமா அடிக்கறேன், தப்பு இருந்தா கண்டுக்காத.

பாரிஸ் மெட்ரோல டூப்ளேன்னு ஒரு ஸ்டேஷன் இருக்குன்னு போட்டோ எடுத்து அனுப்பின இல்ல, "அப்பா நம்ம ஊர் ஆளு இங்க வந்துட்டாரு"ன்னு போட்டு. அதுக்கு கீழயே, அவரு அப்படி என்னதான்பா பண்ணாருன்னும் கேட்ட. பிரெஞ்சுக்காரங்க காலத்து கவர்னர்மா, பீச்சுல சிலை இருக்குல்ல அவருதான்னு சொல்லி சமாளிச்சேன். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கறதுதான் நெசம். பொறந்ததுல இருந்து பாண்டிச்சேரில இருக்கேன், சர்வீஸ் முழுக்க அந்த தெருவுல எல்லாம் சைக்கிள்ல, அப்புறம் ஸ்கூட்டர்ல சுத்தியிருக்கேன், ஒரு கட்டடத்த நின்னு பாத்ததில்ல. அது மனசுல உறுத்திட்டே இருந்துச்சு. பழைய ஊர நடந்து காட்டற டூர் ஒண்ணு இருக்குன்னு பேப்பர்ல பாத்தேன், பேர குடுத்துட்டு ஞாயித்துக்கிழம காலைல கெளம்பிட்டேன். உங்க அம்மா "அடுத்த தெருவ பாக்க காசு குடுத்து போற மொத ஆளு நீங்கதான்"னு சொல்லிட்டு மறுபடி போத்திகிட்டு படுத்துட்டாங்க.

காந்தி சிலைகிட்ட எல்லாரும் சேந்தோம். மொத்தம் எட்டு பேரு. நாலு பெங்களூர் பசங்க, ஒரு வயசான பிரெஞ்சு ஜோடி, ஒரு கேமராக்காரரு, அப்புறம் நான். எல்லாரும் கான்வாஸ் ஷூ, நான் மட்டும் வேட்டி. கூட்டிட்டு போறது உன் வயசு பொண்ணு, ஆர்க்கிடெக்ட் படிச்சிருக்காம், காரைக்கால். என்ன பாத்து "சார் எந்த ஊருல இருந்து வரீங்க"ன்னு கேட்டுச்சு. இதே ஊருதான், முத்தியால்பேட்டைனு சொன்னேன். ஒரு செகண்ட் முழிச்சுட்டு, அப்ப நான் தப்பா சொன்னா திருத்துங்க சார்னு சொல்லிச்சு. அங்கதான் எனக்கு தல கனத்துடுச்சு.

மொதல்ல மேரி கட்டடம், அதான் டவுன் ஹால். அது புதுசு. பழசு 2014 நவம்பர் மழைல அப்படியே ஒக்காந்துடுச்சே, நாம ரெண்டு பேரும் கூட மறுநாள் போயி பாத்தோம், நீ அப்ப காலேஜ். பழைய மாதிரியே திரும்ப கட்டி 2021ல தெறந்தாங்க. பிரெஞ்சுக்கார அம்மா ஆஹா எவ்ளோ அழகா காப்பாத்தி வெச்சிருக்கீங்கன்னாங்க. காப்பாத்தலம்மா, விழ விட்டுட்டு அப்புறம் கட்டினோம்னு சொல்ல வாய் வந்துச்சு, காலங்காத்தால எதுக்குன்னு விட்டுட்டேன்.

அப்புறம் தெருவுக்குள்ள போனோம். எல்லா தெருவும் ஸ்கேல் வெச்சு கோடு போட்ட மாதிரி நேரா இருக்குல்ல, குறுக்கு தெருவும் அப்படியே வந்து வெட்டும்ல. அந்த பொண்ணு இந்த பிளான் போட்டது பிரெஞ்சுக்காரங்க இல்ல, டச்சுக்காரங்கன்னு சொல்லிச்சு. எனக்கு சுருக்குனு ஆயிடுச்சு. உன்ன சைக்கிள் கேரியர்ல வெச்சு ஸ்கூலுக்கு கூட்டிட்டு போகும்போது எத்தன தடவ சொல்லியிருப்பேன், பாரு பிரெஞ்சுக்காரன் எப்படி நேரா போட்டிருக்கான்னு. அதனால நான் கைய தூக்கி, இல்லம்மா அது பிரெஞ்சுக்காரன் போட்டதுதான்னேன். அந்த பொண்ணு சிரிக்கல, கோச்சுக்கவும் இல்ல. பைல இருந்து ஒரு பழைய மேப்போட காப்பிய எடுத்து காட்டிச்சு. 1674ல பிரான்சுவா மர்த்தேன் வந்து ஊர ஆரம்பிச்சாரு, 1693ல டச்சுக்காரன் புடிச்சுட்டான், 1699ல திருப்பி குடுத்துட்டு போயிட்டான், நடுவுல அந்த ஆறு வருசத்துல போட்ட கோடுதான் இது, பிரெஞ்சுக்காரன் வந்து அதையே புடிச்சுகிட்டு கட்டினான். பெங்களூர் பசங்க என்ன திரும்பி பாத்தானுங்க. அப்பாவ மன்னிச்சுடு, இத்தன வருசமா உனக்கு தப்பா சொல்லி குடுத்துட்டேன்.

அதோட விடல. நாம டூப்ளே டூப்ளேன்னு பேசறோமே, அவரு கவர்னரா இருந்த வெள்ளக்கார ஊரு தரைக்கு மேல இப்ப கெடையாதாம். அவரு 1742ல இருந்து 1754 வரைக்கும். 1761ல இங்கிலீஷ்காரன் முற்றுகை போட்டு புடிச்சு, பிரெஞ்சுக்காரனோட கோட்டை, மாளிகை, வீடுன்னு இடிச்சு தரமட்டம் ஆக்கிட்டான். திருப்பி குடுத்தப்புறம் 1765ல இருந்து அதே பழைய கோட்டுமேல மறுபடி கட்டினதுதான் இந்த பக்கம் நாம பாக்கறது எல்லாம். ஆக உன் ஸ்டேஷன்ல பேரு போட்டிருக்கற மனுசன் இன்னைக்கு வந்தா, தெரு தெரியும், இந்த பக்கத்து வீடு ஒண்ணு கூட அடையாளம் தெரியாது.

டுமாஸ் வீதில ஒரு வீட்டுக்குள்ள கூட்டிட்டு போச்சு, இப்ப அது ஓட்டல். வெளிய இருந்து பாத்தா மஞ்ச சொவரு, பெரிய கேட்டு, அவ்ளோதான். உள்ள போனா முற்றம், மரம், தூண், மேல வராண்டா. பிரெஞ்சுக்காரன் வீட்டுல அழகெல்லாம் உள்ளதான், தெருவுக்கு வெறும் சொவருதான் காட்டுவான்னு அந்த பொண்ணு சொல்லிச்சு. நான் அதெல்லாம் கேக்கவே இல்ல. ஜன்னல பாத்துட்டு நின்னுட்டேன். பலகை பலகையா சாச்சு அடுக்கின அந்த மர ஜன்னல், நடுவுல மேலருந்து கீழ ஒரு குச்சி ஓடும் பாரு, அத தூக்கினா எல்லா பலகையும் ஒண்ணா தெறக்கும், எறக்கினா மூடிக்கும். காத்து வரும், வெயில் வராது, உள்ள இருக்கறவங்க தெருவ பாக்கலாம், தெருவுல போறவனுக்கு உள்ள ஒண்ணும் தெரியாது.

உங்க தாத்தா பண்ண வேல அது. இந்த வீடான்னு தெரியாது, இந்த மாதிரி வீடு. ஐப்பசி மழை முடிஞ்சா மரம் ஊதிக்கும், குச்சி சிக்கிக்கும், ஆள் அனுப்புவாங்க. அப்பா உளி, இழைப்புளி எல்லாம் கோணிப்பைல கட்டிகிட்டு போவாரு, சின்ன வயசுல நானும் கூட போயிருக்கேன். பின்வாசல் வழியாதான் போவோம். ஒரு ஒரு பலகையா கழட்டி, ஓரத்த மட்டும் ரெண்டு இழை எடுப்பாரு, அதுக்கு மேல எடுத்தா வெயில் காலத்துல ஆடும்பாரு. நான் மெதுவா கைய நீட்டி அந்த குச்சிய தூக்கினேன். சத்தமே இல்லாம தெறந்துச்சு. எவனோ நல்லா பண்ணியிருக்கான். அந்த பொண்ணு சார் தயவுசெஞ்சு எதையும் தொடாதீங்கன்னு சொல்லிச்சு, சாரின்னு கைய எடுத்துட்டேன். முன்வாசல் வழியா அந்த மாதிரி ஒரு வீட்டுக்குள்ள போனது எனக்கு அன்னைக்குதான் மொத தடவ.

கப்ஸ் கோயிலுக்கும் போனோம், அந்த மாதா சர்ச்சுதான், டுமாஸ் வீதிலதான இருக்கு. 1855ல கட்டினது, பூச்சு சுண்ணாம்புல முட்ட வெள்ளக்கரு கலந்திருக்குன்னு சொன்னதும் எல்லாரும் சொவத்த தடவி பாத்தாங்க, அத மட்டும் யாரும் தொடாதீங்கன்னு சொல்லல. எதிர்ல ஜான் ஆஃப் ஆர்க் சிலை. பாரதி பூங்கால ஆயி மண்டபம். அந்த கத உனக்கு தெரியும், கிருஷ்ணதேவராயர் விளக்கு எரியறத பாத்து கோயில்னு நெனச்சு ஆயிங்கற ஒரு தாசி வீட்ட கும்பிட்டது, விஷயம் தெரிஞ்சு இடிக்க சொன்னது, அந்தம்மா தன் வீட்ட தானே இடிச்சு குளம் வெட்டினது. அந்த முத்திரப்பாளையத்து தண்ணிதான் பின்னாடி வெள்ளக்கார தெருவுக்கு வந்துச்சு, மூணாம் நெப்போலியன் காலத்துல அதுக்கு நன்றியா மண்டபம் கட்டினாங்க. நம்ம கவர்மெண்ட் பேப்பர்ல எல்லாம் முத்திரையா இருக்கறது அதுதான். ராஜாவுக்கு ஒரு வரிதான், ஆயி பேருல மண்டபமே இருக்குன்னு அந்த பொண்ணு சொன்னது எனக்கு புடிச்சிருந்துச்சு.

இதெல்லாம் ஆகறதுக்குள்ள ரெண்டு மணி நேரம் ஓடிடுச்சு. அப்புறம்தான் பெரிய வாய்க்கால தாண்டினோம், மூக்க புடிச்சுகிட்டு. இந்த பக்கம் வெள்ளக்காரங்க, அந்த பக்கம் தமிழங்க, நடுவுல இந்த வாய்க்கால், இதுதான் ஊரோட மொத்த கதையும். பழைய மேப்புல வெள்ளை ஊரு, கருப்பு ஊருன்னே எழுதி வெச்சிருக்கான் பாப்பா, மறைக்க கூட இல்ல. இப்ப ஒரு பக்கத்துக்கு மட்டும் ஒயிட் டவுன்னு ஸ்டைலா சொல்லி ரூம் வாடகை ஏத்திட்டாங்க, இன்னொரு பேர யாரும் எடுக்கறதில்ல.

எனக்கு வருத்தம் என்னன்னா, நம்ம பக்கத்துக்கு அர மணி நேரம்தான். வைசியாள் வீதில திண்ணை வெச்ச வீடுங்களுக்கு முன்னாடி நிக்க வெச்சு, தெருவுல போறவன் உக்காரட்டும்னு கட்டினது இது, டுமாஸ் வீதி சொவர இப்ப நெனச்சு பாருங்கன்னு சொல்லிச்சு. நல்ல வார்த்த, ஆனா அதோட நகந்துடுச்சு. கீழ தமிழ் வீடு, மாடில பிரெஞ்சு தூணுன்னு ரெண்டும் கலந்த வீடுங்க எவ்ளோ இருக்கு, ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையே அப்படித்தான, அத வெளிய இருந்தே காட்டிட்டு போயிடுச்சு. டூப்ளேகிட்ட துபாஷியா, அதான் மொழிபெயர்ப்பாளரா இருந்தவரு, 1736ல இருந்து 25 வருசம் டைரி எழுதினவரு. 1748ல சம்பா கோயில்ங்கற சர்ச்சு பக்கத்துல இருந்த வேதபுரீஸ்வரர் கோயில இடிச்சாங்களே, டூப்ளே காலத்துலதான், அதயும் எழுதி வெச்சிருக்காரு. கவர்னர்கிட்ட கை கட்டி நின்னுட்டு, ராத்திரி வீட்டுக்கு வந்து மனசுல இருந்தத நம்ம தமிழ்ல எழுதியிருக்காரு. நீ டூப்ளே என்ன பண்ணாருன்னு கேட்டியே, அவரு கிட்ட கேளு, நல்லதும் கெட்டதும் சொல்லுவாரு.

ரியூனியன் தீவு பேச்சே வரல, அதுவும் பிரெஞ்சுக்காரனோடதுதான். 1848ல பிரான்ஸ்ல அடிமை முறைய ஒழிச்சப்புறம் அங்க கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேணும்னு பாண்டிச்சேரிலயும் காரைக்கால்லயும் கப்பல் கப்பலா ஏத்தினாங்க. பீச்சுல நின்னு போட்டோ எடுத்தோமே, அந்த கடல் வழியாதான். டூர் முடிஞ்சப்புறம் அந்த பொண்ணுகிட்ட தனியா சொன்னேன். தெரியும் சார், சொன்னா சில பேருக்கு மூடு போயிடுதுன்னு ரிவ்யூல எழுதறாங்கன்னு சொல்லிச்சு. பாவம், அதுவும் பொழைக்கணும். மேப்பு விஷயத்துல நான்தான் தப்புன்னும் ஒத்துகிட்டேன். நல்ல பொண்ணு.

வீட்டுக்கு வந்தும் அந்த ஜன்னல் மனசவிட்டு போகல. நீ போன வாரம் அங்க தங்கறதுக்கான கார்டு ரினியூவலுக்கு நாலு மணி நேரம் வரிசைல நின்னேன்னு சொல்லி அழுதியே, அதுவும் கூடவே வந்துச்சு. உனக்கு இத சொன்னதில்ல. 1954ல கீழூர்ல ஓட்டு போட்டாங்க, 178 பேருல 170 பேரு இந்தியாவோட சேரணும்னு. ஆனா காயிதத்துல முழுசா மாறினது 1962 ஆகஸ்ட் 16. அதுல இருந்து ஆறு மாசம் டைம், பிரெஞ்சு குடியுரிமை வேணுங்கறவங்க எழுதி குடுக்கலாம். எங்க தெருவுல ஒரு சொல்தா, அதான் பிரெஞ்சு பட்டாளத்துக்காரர், குடும்பம் எழுதி குடுத்துச்சு, அவங்க பேரப்புள்ளைங்க எல்லாம் இப்ப அங்கதான், வரிசையே கெடையாது. தாத்தாவையும் கூப்பிட்டாங்களாம். கையெழுத்து போட்டா பையன பட்டாளத்துக்கு இழுத்துட்டு போவான்னு பயந்து போகலன்னு பாட்டி சொல்லுவாங்க. அந்த பையன் நான்தான், அப்ப எனக்கு நாலு வயசு.

அவரு மேல கோவம் இல்ல. ஆறு மாசத்துல ஒரு நாள் அந்த வாசல்ல போயி நின்னிருந்தா நீ இன்னைக்கு அங்க நிக்க வேணாமேன்னு தோணும், அடுத்த நிமிசமே அப்ப நம்ம கதையே வேற மாதிரி போயிருக்கும், நீயே இருந்திருப்பியோ என்னவோன்னும் தோணும்.

நேத்து பரண்மேல தாத்தாவோட டிரங்கு பொட்டிய எறக்கினேன், உங்க அம்மா தூசி தூசின்னு கத்த கத்த. உளி ரெண்டு இருக்கு, துரு புடிச்சிருக்கு. அடில அவரோட பொறப்பு சர்டிபிகேட், பிரெஞ்சுல, மேரில குடுத்தது. எல்லாம் கையெழுத்து, சாஞ்சு சாஞ்சு எழுதியிருக்கான், எனக்கு பேரும் வருசமும் மட்டும்தான் புரியுது. அவரோட அப்பா பேருக்கு அடுத்து ஒரு வார்த்த இருக்கு, என்ன வேலன்னு எழுதியிருக்கானோ என்னவோ. போட்டோ எடுத்து இதுக்கு கீழ அனுப்பியிருக்கேன், பெருசு பண்ணி பாத்து படிச்சு சொல்லு.

அப்பா