கோமதிக்கு: இரண்டு கோடுகளையும் பார்

பாளையங்கோட்டை

அன்பு மகள் கோமதிக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் வைரக் காந்த உணரியைக் கொண்டு மூன்று வாரமாக இரவு முழுவதும் கண்விழித்து எடுத்த அளவுகளில் கோடு மெல்ல நகர்ந்தது காந்தப்புலத்தால் அல்ல, அறையின் வெப்பத்தால்தான் என்று தெரிந்தபோது எல்லாம் வீணாகிவிட்டதாக ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் வருந்தினாய். உன்னைத் தேற்றுவதற்காக மட்டும் நான் இதை எழுதவில்லை. நீ அனுப்பிய எண்களை வைத்து இரண்டு நாள் கணக்குப் போட்ட பிறகே எழுதுகிறேன்.

உன் உணரி என்பதே வைரப் படிகத்தில் உள்ள ஒரு பழுதுதான். வைரத்தில் கார்பன் அணு இருக்க வேண்டிய ஓரிடத்தில் நைட்ரஜன் அமர்ந்திருக்க, அதற்கு அடுத்த இடம் காலியாகக் கிடக்கிறது. பச்சை லேசர் பட்டால் அது சிவப்பாக ஒளிர்கிறது. அங்குள்ள எலக்ட்ரான்களை நுண்ணிய காந்தங்களாக்கும் பண்பான தற்சுழற்சியை 2.87 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலை புரட்டும்போது அந்தச் சிவப்பு சற்றே மங்குகிறது. காந்தப்புலம் இருந்தால் இந்த மங்கல் இரண்டு கோடுகளாகப் பிரிந்து, பழுதின் அச்சுத் திசையில் உள்ள ஒவ்வொரு மைக்ரோடெஸ்லாவுக்கும் ஒன்று 28 கிலோஹெர்ட்ஸ் மேலேறும், மற்றது அதே அளவு கீழிறங்கும். வெப்பமோ இரண்டையும் ஒரே பக்கம் இழுக்கும். ஒரு பாகை கூடினால் இரண்டும் சுமார் 74 கிலோஹெர்ட்ஸ் இறங்கும். கீழ்க்கோட்டை மட்டும் பின்தொடர்ந்தால், வைரத்தில் ஏறும் ஒரு பாகை வெப்பம் மட்டுமே 2.6 மைக்ரோடெஸ்லா காந்தப்புலமாகத் தோன்றும்.

அது சிறிய பிழையல்ல. ஒரு மைக்ரோடெஸ்லா என்பது ஆயிரம் நானோடெஸ்லா. நம் ஊருக்கு மேலே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் பகலில் ஓடும் மின்னோட்டம், நண்பகலில் இங்குள்ள புலத்தைப் பல பத்து நானோடெஸ்லா அளவே கூட்டுகிறது. அதைப் பதிவு செய்யத்தான் கிருஷ்ணாபுரத்தில் புவிக்காந்த ஆய்வகம் இருக்கிறது. பள்ளி ஆய்வகத்தில் காந்தச் சரிவு காட்டும் ஊசியை நீ முதன்முதலில் தொட்ட நாள் எனக்கு நினைவிருக்கிறது. ஊசி ஏறத்தாழக் கிடைமட்டமாகவே நின்றதைப் பார்த்து, கருவி கெட்டுவிட்டதா என்று கேட்டாய். புவியின் காந்தப்புலம் கிடைமட்டமாக இருக்கும் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் நாம் இருக்கிறோம் என்று அன்று சொன்னேன். நீ இப்போது இருக்கும் ஸ்டுட்கார்ட்டில் அதே ஊசி அறுபது பாகைக்கும் மேல் தலைகவிழ்ந்து நிற்கும். ஊசி சரியாகத்தான் சொன்னது. எதைச் சொன்னது என்பதைத்தான் நாம் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

நீ இரண்டு கோடுகளையும் பதிந்திருக்கிறாய், ஆனால் ஒன்றை மட்டுமே வரைந்திருக்கிறாய். இரண்டின் சராசரியை எடுத்தால் வெப்பம் கிடைக்கும். இடைவெளியை எடுத்தால் புலம் கிடைக்கும். நான் நோட்டில் வரைந்து பார்த்தேன். சராசரி நீ சொன்னபடியே இறங்குகிறது. ஆனால் இடைவெளியும் சிறிது சுருங்குகிறது, அதற்கு வைரத்தின் வெப்பம் காரணமாக இருக்க முடியாது. கோடுகளைப் பிரிக்க நீ வைரத்தின் அருகே வைத்திருக்கும் நியோடிமியம் காந்தத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம். அவ்வகைக் காந்தம் ஒரு பாகைக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு வலுவிழக்கும். நீ வைத்திருக்கும் ஒரு மில்லிடெஸ்லா புலத்தில் அது ஒரு மைக்ரோடெஸ்லா. அறை சூடேறும்போது வைரத்தின் வெப்பம் கீழ்க்கோட்டை இறக்க, தளரும் காந்தம் அதையே சற்று ஏற்றுகிறது. ஒற்றைக் கோட்டில் இவ்விரண்டும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டன.

உன்னை அலைக்கழித்த அந்த 74 கிலோஹெர்ட்ஸைக் கொண்டுதான் 2013-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் உயிருள்ள செல்லுக்குள் நானோ வைரங்களை வைத்து வெப்பநிலையை அளந்தார்கள். நீ இருக்கும் ஊரிலேயே, தற்சுழற்சியைக் கலைப்பவை கார்பனின் சற்றுக் கனமான வகையான கார்பன்-13 அணுக்கருக்கள் என்று அறிந்தவர்கள், இயற்கையில் 1.1 சதவீதமாக உள்ள அவற்றை 0.3 சதவீதமாகக் குறைத்த வைரத்தில், அறை வெப்பநிலையிலேயே 1.8 மில்லிவினாடி வரை தற்சுழற்சி தன் நிலையை இழக்காமல் இருப்பதை 2009-ல் காட்டினார்கள். எல்லாவற்றாலும் எளிதில் கலைவதே இந்தத் தற்சுழற்சியின் இயல்பு, கண்ணு. அந்த இயல்பு இல்லையென்றால் அது உணரியே ஆகாது.

ஆகவே அந்த மூன்று வார அளவுகளில் ஒரு வரியைக்கூட அழித்துவிடாதே. காந்தத்தின் மேலேயே ஒரு வெப்பநிலைமானியை ஒட்டி, ஓர் இரவு மட்டும் அளந்து பார். அந்த எண்களைத் தனி நெடுவரிசையாகச் சேர்த்து எனக்கு அனுப்பு. நோட்டில் அதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா