மடக்குக்கத்தி வாங்கும் முன்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

பார்சல் பிரிக்கவும் கயிறு அறுக்கவும் ஒரு மடக்குக்கத்தி வேண்டும் என்றும், இரவுப் பணி முடிந்து தனியே திரும்பும்போது அதுவே தற்காப்புக்கும் உதவட்டும் என்றும் எழுதியிருந்தாய். முதல் தேவைக்கு நல்ல கத்திகள் பல உண்டு. இரண்டாவது தேவைக்கு எந்த மடக்குக்கத்தியையும் நான் நம்பமாட்டேன்.

அன்றாட வேலைக்கான கத்தியில் முதலில் பார்க்க வேண்டியது அலகின் தடிமன். அட்டைப்பெட்டியைக் கிழிக்கும்போது கூரான விளிம்பு மட்டும் உள்ளே போவதில்லை. அதன் பின்னே வரும் முழு அலகும் அட்டையைப் பிளந்துகொண்டு போக வேண்டும். அதனால்தான் நான்கு மில்லிமீட்டர் தடித்த, முரட்டுத் தோற்றமுள்ள கத்தி எவ்வளவு தீட்டினாலும் அட்டையில் சிக்கிக்கொள்கிறது. பிரெஞ்சு நிறுவனமான ஓபினெலின் எட்டாம் எண் கத்தியின் மெல்லிய அலகோ சிறிதளவு அழுத்தத்திலேயே வழுக்கிச் செல்கிறது. மரப்பிடியும் எட்டரை சென்டிமீட்டர் அலகும் கொண்ட அந்தக் கத்தியில், விரித்த அலகு தானே மடங்காதபடி தடுக்க, 1955 முதல் சுழலும் உலோக வளையம் ஒன்று பூட்டாக இருக்கிறது. கார்பன் எஃகு அலகு எளிதில் கூராகும், ஆனால் ஈரம் பட்டால் துருப்பிடிக்கும்; துடைத்து வைக்க நேரமில்லாத உனக்குத் துருப்பிடிக்காத வகையே ஏற்றது.

சுவிஸ் நிறுவனமான விக்டோரினாக்ஸின் வழக்கமான சிறு கத்திகளில் பூட்டு கிடையாது. ஸ்பிரிங் ஒன்றின் அழுத்தம்தான் அலகை விரித்த நிலையில் நிறுத்துகிறது. அதனால் முனையால் குத்தித் துளையிட முயன்றால் அலகு விரல்மேல் மடங்கக்கூடும். இழுத்து அறுக்கும் வேலைக்கு மட்டும் பயன்படுத்துகிறவருக்கு இது குறையே அல்ல. அதன் எஃகு சற்று மென்மையானது, விரைவில் மழுங்கும். எனினும் சாதாரணத் தீட்டுக்கல்லில் சில நிமிடம் தேய்த்தால் கூர் திரும்பிவிடும். எஸ் 30 வி போன்ற விலையுயர்ந்த எஃகுகள் கூரை நெடுநாள் காக்கும், ஆனால் மழுங்கியபின் அவற்றைத் தீட்ட வைரத்தூள் பதித்த கல்லும் பொறுமையும் வேண்டும். கத்தியைத் தீட்டப் பழகாதவர்கள் மென்மையான எஃகோடு தொடங்குவதே சரி என்று நினைக்கிறேன்.

பூட்டுள்ள கத்திகளில் 1964-இல் வந்த அமெரிக்கக் கத்தியான பக் 110-இன் முதுகுப்பூட்டு (பிடியின் முதுகுப்பக்கம் அமைந்த பூட்டு) உறுதியானது. ஆனால் கத்தி கனமானது, சட்டைப்பைக்குப் பொருந்தாது. பிடியின் உட்புறத் தகடு நகர்ந்து அலகைத் தாங்கும் இன்னொரு வகைப் பூட்டில், மடக்கும்போது கட்டைவிரல் அலகின் பாதையிலேயே இருக்கும் என்பதை மறக்கக்கூடாது. எந்தப் பூட்டானாலும் தூசி சேர்ந்தாலோ தேய்ந்தாலோ நழுவும். அவ்வப்போது சுத்தம் செய்து, அலகு சுழலும் அச்சின் திருகு தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இனி நீ கேட்ட தற்காப்பு. ஆபத்து நேரும் கணத்தில் கத்தியைப் பையிலிருந்து எடுத்து, விரித்து, பூட்டு விழுந்ததை உறுதிசெய்து, சரியாகப் பிடிக்க வேண்டும். அச்சத்தில் முதலில் தடுமாறுவது விரல்களின் இந்த நுண்ணிய அசைவுகள்தான். பெரும்பாலான மடக்குக்கத்திகளில் கை முன்னோக்கி நழுவாமல் தடுக்கும் காப்பு இல்லை. எலும்பிலோ பெல்ட்டிலோ முனை தட்டினால் உன் கையே கூர்மீது வழுக்கும், பூட்டு விட்டுக்கொடுத்தால் அலகு உன் விரல்களில் மூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, கத்தி பயன்பட வேண்டுமானால் எதிராளி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நீ தவிர்க்க வேண்டிய தூரமே அதுதான், அம்மா. அந்த நெருக்கத்தில் அவன் அதைப் பிடுங்கிக்கொள்ளவும் முடியும்.

சட்டமும் உன் பக்கம் நிற்காது. பிரிட்டனில் மூன்று அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டில்லாத மடக்குக்கத்தியைக் காரணம் சொல்லாமலே வைத்திருக்கலாம். ஆனால் தற்காப்புக்காக என்று சொன்னால் அதுவே ஆயுதமாகக் கருதப்படலாம். ஒரு கையால் விரித்துப் பூட்டிக்கொள்ளும் கத்திகளைத் தகுந்த காரணமின்றிப் பொதுவிடத்தில் எடுத்துச் செல்வதற்கு ஜெர்மனி 2008-இல் தடை விதித்தது. தற்காப்புக்கு என்று விளம்பரம் செய்யும் அம்சங்களே சட்டச் சிக்கலை வரவழைக்கின்றன. தடித்த அலகோ வேலையையும் கெடுக்கிறது.

ஆகவே இரவுக்கு வேறு ஏற்பாடு செய். உரத்து ஒலிக்கும் சிறிய அலாரம் ஒன்றைப் பையின் வாரில் தொங்கவிடு. விரலுக்கு உடனே எட்டும் பிரகாசமான டார்ச் வைத்துக்கொள். பணி முடியும் நேரம் ஒத்திருக்கும் தோழியருடன் சேர்ந்து புறப்படு. யாராவது பின்தொடர்வதாகத் தோன்றினால், வெளிச்சமும் மனிதர்களும் இருக்கும் பக்கம் ஓடு. பணப்பையைக் கேட்டால் எறிந்துவிட்டு எதிர்த்திசையில் ஓடு.

வேலைக்கு, கத்தரிக்கோலும் சேர்ந்த, மடித்த நிலையில் 91 மில்லிமீட்டர் நீளமுள்ள விக்டோரினாக்ஸ் ஒன்று போதும் என்பது என் கருத்து. பூட்டு தேவைப்படும் அளவுக்குக் கனமான வேலை இருந்தால் ஓபினெல். நீ இருக்கும் இடத்தில் பூட்டுக்கும் அலகு நீளத்துக்கும் உள்ள விதியை முதலில் படித்துவிட்டு எனக்கு எழுது. விமானத்தில் வரும்போது கைப்பையில் வைக்காதே, பதிவுசெய்து அனுப்பும் பெட்டியில் போடு.

அன்புடன்,
அம்மா