கார் சார்ஜர் சரக்கு ஆட்டோவுக்கு உதவாது

ஆசிரியருக்கு வணக்கம்.

அம்பத்தூரில் ஒரு டெலிவரி குடோனில் வேலை செய்கிறேன். பேட்டரியில் ஓடும் 14 சரக்கு ஆட்டோக்களுக்குத் தினமும் காலையில் ரூட் போட்டுக் கொடுப்பது என் பொறுப்பு.

போன மாதம் ஒருநாள் போரூர் பக்கம் போன டிரைவர் தம்பி போன் செய்தார். சார்ஜ் 9 சதவீதம்தான் இருக்கிறது, இன்னும் 31 பார்சல் பாக்கி. பக்கத்திலேயே சார்ஜிங் ஸ்டேஷன் இருக்கிறதே என்றேன். அங்கே நின்றுகொண்டுதான் பேசுகிறேன் அண்ணே, காருக்கு மாட்டுகிற பெரிய பிளக்தான் இருக்கிறது, நம் வண்டிக்குச் சேராது என்றார். கடைசியில் ஒரு டீக்கடை அக்கா தன் கிரைண்டர் பிளக்கைக் கழற்றிவிட்டு இடம் கொடுத்தார். அரை மணி நேரத்தில் 12 சதவீதம் ஏறியது. பார்சலுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற பையனுக்கு அந்த அரை மணி நேரம் அப்படியே நஷ்டம்.

தப்பு என்னுடையதும்தான். மொபைல் ஆப் கிலோமீட்டரை மட்டும் பார்த்து ரூட் போடுகிறது, நானும் அதை அப்படியே கொடுத்துவிட்டேன். அரிசி மூட்டையும் தண்ணீர் கேனும் ஏற்றிக்கொண்டு பாடி மேம்பாலம் ஏறுகிற வண்டியும், துணிப் பார்சலோடு சமதரையில் போகிற வண்டியும் ஒரே மாதிரியா சார்ஜ் குடிக்கும்? இப்போதெல்லாம் கனமான சரக்கைப் பக்கத்துத் தெருக்களிலேயே முதலில் இறக்கச் சொல்கிறேன், 20 சதவீதத்துக்குக் கீழே போகாதபடி ரூட்டை வெட்டுகிறேன். இரவிலும் எல்லா வண்டியையும் ஒன்றாகச் செருகினால் மெயின் டிரிப் ஆகிவிடுகிறது, அதனால் மறுநாள் தூரம் போகிற வண்டிகளுக்கு முதலில், மற்றதுக்கு நடுராத்திரிக்கு அப்புறம்.

ஆனால் மதியம் நடு வழியில் சார்ஜ் போட நான் எங்கே போவேன்? எங்கள் வண்டிக்கு வேகச் சார்ஜரே தேவையில்லை. வீட்டில் ஏசி மாட்டுகிற மாதிரி சாதாரண 15 ஆம்பியர் பிளக் பாயிண்டும், மழை படாமல் ஒரு மூடியும், யூனிட்டுக்குக் காசு கட்ட ஒரு கியூஆர் கோடும் போதும். மாநகராட்சி பார்க்கிங், மெட்ரோ ஸ்டேஷன் பார்க்கிங் எல்லாவற்றிலும் இதை வைக்கலாம். கோயம்பேடு மார்க்கெட்டில் காலை வியாபாரம் முடிந்து மதியம் கூட்டம் குறைந்துவிடும். அங்கே பத்து பிளக் வைத்தால்கூட டிரைவர்கள் சாப்பிடுகிற நேரத்தில் வண்டியும் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். அதிகாரிகள் முதலில் அங்கே தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், அம்பத்தூர், சென்னை.