72 மணி நேரப் பட்டினிச் சோதனை குறித்து மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களுக்கும், நாளமில்லாச் சுரப்பியல் துறை மருத்துவர்களுக்கும் வணக்கம்.

நான் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியை. விடியற்காலையில் என் பேச்சு குழறுவதையும், ஒருநாள் என் கணவரையே யாரென்று கேட்டதையும், சர்க்கரை தூக்கலாகப் போட்ட காபி இரண்டு வாய் உள்ளே போனதும் ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து அமர்வதையும் வீட்டார் ஓராண்டாகப் பார்த்து வருகிறார்கள். முதலில் வலிப்பு நோய் என்று எண்ணி மாத்திரை தரப்பட்டது. பிறகுதான் ஒரு மருத்துவர், அந்த நேரத்தில் இரத்தச் சர்க்கரை குறைகிறதா என்று பார்க்கச் சொல்லி, கண்காணிப்பில் பட்டினி இருக்கும் சோதனைக்கு அனுப்பினார். அந்தச் சோதனை எனக்கு வீணாய்ப் போன விதத்தைச் சொல்லவே இம்மடல்.

சர்க்கரை குறையும்போது இன்சுலின் சுரப்பை அடக்கிக்கொள்வது உடலின் இயல்பு. கணையத்தில் இன்சுலினோமா என்னும் கட்டி இருந்தால், அது பட்டினியிலும் அடங்காமல் சுரந்துகொண்டே இருக்கும். ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் 1 முதல் 4 பேருக்கு வரும் நோய் என்பதால், வார்டில் பலர் இச்சோதனையை ஒருமுறைகூடப் பார்த்திராதது வியப்பில்லை. சர்க்கரை டெசிலிட்டருக்கு 55 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கி, அறிகுறிகளும் தெரியும் அந்த வேளையில் எடுத்த இரத்தத்தில் இன்சுலின் மில்லிலிட்டருக்கு 3 மைக்ரோயூனிட்டோ அதற்கு மேலோ இருந்து, கூடவே சி-பெப்டைடும் (உடல் தானே இன்சுலின் சுரக்கும்போது அதனுடன் வெளிவரும் பொருள்) 0.6 நானோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், உடலே தேவையின்றி இன்சுலினைச் சுரக்கிறது என்று பொருள். சில சர்க்கரை நோய் மாத்திரைகளும் இதே தோற்றத்தைத் தரும் என்பதால், அவற்றுக்கான பரிசோதனையும் அதே இரத்தத்தில்தான் செய்யப்பட வேண்டும். ஆக, மூன்று நாள் பட்டினியும் அந்த ஒரு வேளை இரத்தத்துக்காகத்தான்.

திங்கட்கிழமை இரவு 8 மணிக்கு உண்டு முடித்தபின் எனக்குக் கடிகாரம் ஓடத் தொடங்கியது. தண்ணீரும் சர்க்கரையில்லாத கடுங்காபியும் மட்டும் அனுமதி. பகலில் நடமாடச் சொன்னார்கள், நடந்தேன். (பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா, "ஒரு இட்லியாவது சாப்பிடு கண்ணு, யாரும் பார்க்கல" என்று கெஞ்சியது தனிக் கதை.) ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுக்கப்பட்டது. செவ்வாய் இரவு 8 மணிக்கு எடுத்த இரத்தத்தில் சர்க்கரை 57 இருந்திருக்கிறது. அளவு 60-க்குக் கீழே வந்துவிட்டால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுக்க வேண்டும் என்பது முறை. ஆனால் அந்த முடிவு வார்டுக்கு வந்து சேர்ந்ததோ மறுநாள் காலையில்.

அதற்குள், நள்ளிரவு தாண்டி 1.40 மணிக்கு, நான் வியர்த்து நனைந்து உளறத் தொடங்கியிருக்கிறேன். விரல் நுனியில் குத்திப் பார்த்ததில் 43. பணியில் இருந்த செவிலியர் உடனே 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் கரைசல்) ஏற்றினார். இரத்தம் அதன் பிறகே எடுக்கப்பட்டது. அதில் சர்க்கரை 168. இருபத்தொன்பது மணி நேரம் பட்டினி கிடந்தும் நிறுவ முடிந்தது ஒன்றுமில்லை, ஏனெனில் விரல் நுனிக் கருவியின் அளவை, குறிப்பாக இவ்வளவு தாழ்வான எண்களில், நோயை உறுதி செய்யும் சான்றாக ஏற்பதில்லை.

அந்தச் செவிலியர்மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை. சர்க்கரை நோயாளிகள் நிறைந்த வார்டில் 43 என்ற எண்ணைப் பார்த்தால் ஒரு நொடியும் தாமதிக்காதே என்றுதான் அவருக்குக் கற்பித்திருக்கிறார்கள். அதுவே சரியான பழக்கம். இந்தக் கட்டிலில் மட்டும் வரிசை வேறு என்பதை அவருக்குச் சொல்லும் ஒரு வரிகூட என் கேஸ் ஷீட்டில் இல்லை.

ஆகவே நான் கேட்பது, கட்டிலின் தலைமாட்டில் ஒட்டுவதற்கு ஒரு தாள். அறிகுறி தோன்றினால் முதலில் கையில் உள்ள ஊசிவழியே எந்தெந்தக் குழாயில் எவ்வளவு இரத்தம் எடுக்க வேண்டும், அதன் பின்னரே சர்க்கரையை ஏற்றும் ஹார்மோனான குளுக்ககான் 1 மில்லிகிராம் செலுத்தி 10, 20, 30 நிமிடங்களில் சர்க்கரை எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும், வலிப்பு வந்தால் மட்டும் எதற்கும் காத்திராமல் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் அதில் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். குழாய்களை முன்கூட்டியே பெயரெழுதித் தட்டில் வைத்திருந்தால் இரத்தம் எடுக்க ஓரிரு நிமிடமே ஆகும். சாதாரணக் குழாயில் நின்றுபோன இரத்தத்தில் அணுக்களே சர்க்கரையைத் தின்றுவிடும் என்பதால் அதைத் தடுக்கும் ஃபுளோரைடு குழாய் வேண்டும். இரவுப் பணி ஆய்வகம் 60-க்குக் கீழான அளவைத் தாளில் எழுதி வைத்துவிடாமல் வார்டுக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். இவற்றுக்குப் புதிய கருவியோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் அதே சோதனைக்காக நான் மீண்டும் சேரவிருக்கிறேன். அதற்குள் உங்கள் தாள் வராவிட்டால், என் மருத்துவரிடம் கேட்டு நானே எழுதி, அவரிடம் கையொப்பமும் வாங்கி எடுத்து வருகிறேன். அதை ஒட்ட அனுமதி தந்தால் போதும்.

இப்படிக்கு,
பட்டினிச் சோதனைக்கு மறுபடியும் காத்திருக்கும் ஓர் ஆசிரியை