'தொடர்பில் இல்லை' என்று நான் எழுதிய பெயர்

சென்னை,
28.06.2022

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்திற்கு மேல் ஆகிறது. தேர்வுப் பணி, விடைத்தாள் திருத்தும் பணி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்ததில் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஆனால் நீ கேட்டிருந்த கேள்வி அந்த நாட்கள் முழுவதும் என்னோடுதான் இருந்தது. நேற்று பதினொன்றாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்தன. எங்கள் பள்ளிப் பட்டியலில் ஒரு பெயருக்கு நேரே மூன்று பாடங்களில் 'வரவில்லை' என்று இருந்ததைப் பார்த்த பிறகு, இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஊரடங்கில் எங்கள் பள்ளிப் பிள்ளைகளிடம் போதைப் பழக்கம் கூடியதா குறைந்ததா என்று கேட்டிருந்தாய். நீ அனுப்பிய கனடா ஆய்வை இரண்டு முறை படித்தேன். 2020இல் கட்டுப்பாடுகள் வந்த முதல் சில வாரங்களிலேயே 14 முதல் 18 வயதுவரையுள்ள ஆயிரத்துச் சொச்சம் பேரிடம் கேட்டு எழுதியிருக்கிறார்கள். பழக்கம் உள்ளவர்களின் எண்ணிக்கை குறைந்திருக்கிறது. ஆனால் மதுவையும் கஞ்சாவையும் நாடிய நாட்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. பழக்கம் இருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் தனியாக இருந்தபோது உட்கொண்டதாகச் சொன்ன இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். இந்த வயதில் போதை என்றாலே கூட்டாளிகள், மொட்டை மாடி, மைதானத்து மூலை என்றுதான் இத்தனை ஆண்டுகளாகப் பெற்றோர் கூட்டங்களில் நாங்கள் பேசி வந்திருக்கிறோம். கூட்டாளியே இல்லாமல், சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு ஒரு பிள்ளை இதைச் செய்யும் என்பது எங்கள் கணக்கில் இல்லவே இல்லை.

நான் சொல்லப்போகும் பையன் அப்படித்தான் செய்தான். 2020 மார்ச்சில் அவன் ஒன்பதாம் வகுப்பு. தந்தை கோயம்பேடு சந்தையில் மூட்டை தூக்குபவர், தாய் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வீட்டு வேலை செய்பவர். ஊரடங்கு வந்ததும் குடியிருப்பின் வாயிற்கதவு தாய்க்கு மூடப்பட்டது. மே 5ஆம் தேதி கோயம்பேடு சந்தையையே மூடினார்கள். ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேர். ஜூன் மாதத்தில் தெருமுனைப் பஞ்சர் கடையில் நாளுக்கு இருநூறு ரூபாய்க்கு அவன் வேலைக்குச் சேர்ந்தான். அந்தக் குடும்பத்தில் அன்றைக்குக் காசு கொண்டுவந்தவன் அவன் ஒருவன்தான். டியூபில் ஒட்டுப்போடும் 'சொல்யூஷன்' என்ற பசை அவனுக்கு அறிமுகமானது அங்கேதான். யாரும் அவனுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை என்கிறான். மதியம் சாப்பாடு இல்லாத நாட்களில் அந்த வாடையில் பசி தெரியவில்லை, தலை லேசாக இருந்தது, அவ்வளவுதான் என்று பிறகு என்னிடம் சொன்னான்.

மது பற்றியும் கேட்டிருந்தாய். 2020 மார்ச் 24ஆம் தேதி மூடப்பட்ட டாஸ்மாக் கடைகள் மே 7ஆம் தேதி சென்னை தவிர்த்த இடங்களில் திறந்தன. மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. 15ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த ஆணைக்குத் தடை கொடுக்க, 16ஆம் தேதி மறுபடியும் திறந்தார்கள். சென்னையில் ஆகஸ்ட் 18 முதல் கடை திறந்தது. எங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு திறக்க 2021 ஜனவரி 19 வரை ஆயிற்று. இந்த இரண்டு தேதிகளையும் அடுத்தடுத்து எழுதும்போது இன்றைக்கும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. கடைகளைத் திறந்தார்களே தவிர பார்களைத் திறக்கவில்லை. அதனால் அதுவரை வெளியே குடித்துவிட்டு இரவில் வந்து படுத்துக்கொண்ட தந்தையர், புட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்து பிள்ளைகளுக்கு முன்னால் உட்கார்ந்து குடித்தார்கள். 21 வயது நிறையாதவருக்கு மது விற்கக் கூடாது என்று இங்கே விதி இருக்கிறது. தந்தை மிச்சம் வைத்த குவளைக்கு எந்த விதி இருக்கிறது? இந்தப் பையன் முதன்முதலில் மதுவைச் சுவைத்ததும் அப்படித்தான். அது பிடிக்கவில்லையாம். சொல்யூஷனே போதும் என்று இருந்துவிட்டான்.

இந்த ஒன்றை மற்ற போதைகளோடு சேர்த்துப் பேசக் கூடாது என்பது என் எண்ணம். தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நாடு முழுவதும் எடுத்து 2019இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் அதிகமாகக் காணப்பட்ட ஒரே வகை இந்த முகரும் பொருட்கள்தான்: 10 முதல் 17 வயதுக்குள் 1.17 விழுக்காடு, பெரியவர்களிடம் 0.58 விழுக்காடு. அது ஊரடங்குக்கு முந்தைய கணக்கு. டிசம்பரிலிருந்து இங்கே காவல்துறை கஞ்சா வேட்டை நடத்துகிறது, நடத்த வேண்டியதுதான். ஆனால் பஞ்சர் பசை போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலிலேயே இல்லாத சரக்கு. எந்த வேட்டையிலும் அது சிக்காது. பத்து இருபது ரூபாய்க்கு யாரும் யாரையும் கேள்வி கேட்காமல் வாங்கலாம்.

இனி என் பங்கைச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு முழுவதும் வாட்ஸ்அப் குழுவில் பாடக்குறிப்புகளை அனுப்பினேன். அவன் வீட்டில் இருந்த ஒரே கைப்பேசிக்குப் பணம் கட்டவில்லை. வாரந்தோறும் நாங்கள் நிரப்ப வேண்டிய பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே 'தொடர்பில் இல்லை' என்று எழுதினேன். அடுத்த வாரமும் எழுதினேன். பள்ளியிலிருந்து அவன் வீடு பதினைந்து நிமிட நடை. கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகாவது நான் நடந்திருக்கலாம். ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் தேர்வில்லாமலே தேர்ச்சி என்று அறிவிக்கப்பட்டதால், அவனைத் தேடிப் போக வேண்டிய அவசியம்கூடப் பள்ளிக்கு ஏற்படவில்லை. இரண்டு வகுப்பு ஏறியவனை எங்களில் ஒருவர்கூட நின்று நிதானமாக முகம் பார்க்கவில்லை. பள்ளி என்பது பாடம் சொல்லும் இடம் என்று முப்பது ஆண்டுகள் நினைத்திருந்தேன். தினமும் காலையில் ஒரு பிள்ளையைப் பார்த்து 'ஏன்டா, கண்ணு ஏன் இப்படிச் சிவந்திருக்கு?' என்று கேட்க ஒருவர் இருக்கும் இடம் அது என்பதும், அந்த ஒரு கேள்வி எத்தனை பேரைத் தடுத்து நிறுத்தியிருந்தது என்பதும், அது இல்லாமல் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

2021 செப்டம்பர் முதல் தேதி பள்ளி திறந்தது. முதல் வாரத்திலேயே வகுப்பில் எனக்குப் பழக்கமான ஒரு வாடை வந்தது. நம் கல்லூரி ஆய்வகத்தில் அந்த மூலை அலமாரியைத் திறந்தால் வருமே, அதே டொலுயீன் வாடை, பஞ்சர் பசையில் இருக்கும் கரைப்பான். அவன் வாயைச் சுற்றியும் மூக்கின் கீழும் தோல் சிவந்து பொரிந்திருந்தது. சமன்பாடு எழுதும்போது கை நடுங்கியது. வேதியியல் படித்ததற்கு அன்றைக்குத்தான் ஒரு பயன் கிடைத்தது என்று தோன்றியது. கொழுப்பில் கரையும் பொருளாகையால் நுரையீரலிலிருந்து சில நொடிகளில் அது மூளைக்குப் போய்விடும், நாள்பட்டால் நினைவையும் கவனத்தையும் தின்னும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாத ஒன்றை அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவர் சொன்னார். முகர்ந்த நிலையில் இருக்கும் பிள்ளையை ஒருபோதும் அதட்டக் கூடாது, துரத்தக் கூடாதாம். அந்த நேரத்தில் இதயம் எளிதில் தாளம் தப்பும் நிலையில் இருப்பதால், திடீர் அதிர்ச்சியிலும் ஓட்டத்திலும் அது நின்றே போகலாம், முதல் முறை முகர்ந்தவனுக்கும் அது நேரலாம் என்றார். மைதானச் சுவருக்குப் பின்னால் இப்படிச் சிக்கிய பிள்ளைகளை எங்கள் ஆசிரியர்கள் பிரம்போடு துரத்தியதை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து உன் பள்ளியிலும் இதைச் சொல்லி வை.

இந்தப் பழக்கத்திற்கு மாற்றாகக் கொடுக்க மருந்து கிடையாது. நிறுத்த வேண்டும், வாராவாரம் வந்து பேச வேண்டும், வேறு வேலையில் மனம் போக வேண்டும். அந்தத் தாய் அவனை அழைத்துக்கொண்டு போனாள். பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை, அவனுக்கும் மாணவர் பயண அட்டை இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் அவளுக்கு ஒரு நாள் கூலி போயிற்று. டிசம்பர் வரை நன்றாக இருந்தான். ஜனவரியில் தொற்று மறுபடி கூடிப் பள்ளியை மூடினார்கள். அந்த இடைவெளியில் திரும்பவும் அந்தக் கடைக்கே போய்விட்டான். மே மாதத்தில் மூன்று தேர்வுகளை எழுதினான், மூன்றை எழுதவில்லை.

மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று ஆசிரியர் அறையில் பேசுகிறார்கள். மற்ற பிள்ளைகளைக் காக்க வேண்டும் என்கிற அவர்கள் கவலை பொய்யானது அல்ல. ஆனால் பதினொன்றாம் வகுப்பில் விட்டுப்போன பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்போடு சேர்த்து எழுத விதி இடம் கொடுக்கிறது. சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவும், பிள்ளைக்குப் போதைப்பொருள் கொடுப்பவருக்குத்தான் ஏழு ஆண்டுவரை சிறை என்கிறது, பிள்ளையைத் தண்டிக்கச் சொல்லவில்லை. அவனை வெளியே அனுப்பினால் அவன் போகக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான், அது எதுவென்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். நாளைய ஆசிரியர் கூட்டத்தில் இதைத்தான் சொல்லப் போகிறேன்.

அமெரிக்காவில் 2021இல் மாணவர்களிடையே பழக்கம் வெகுவாகக் குறைந்ததாக ஒரு கணக்கும், போதை மிகுந்து இறந்த பதின்வயதினர் 2019இல் 492 ஆக இருந்து 2020இல் 954 ஆனதாக இன்னொரு கணக்கும் வந்திருப்பதைப் படித்தேன். அங்கே அதற்குக் காரணம் ஃபெண்டனில் என்னும் மிகக் கடுமையான போதைமருந்து கலந்த போலி மாத்திரைகள். இங்கே நிலைமை வேறு. எண்ணிக்கை குறைந்தது என்று கேட்டு நிம்மதி அடைய இப்போது என்னால் முடியவில்லை.

உன்னிடம் ஓர் உதவி வேண்டும். 'உனக்கு ஏதாவது பழக்கம் இருக்கா?' என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் 'இல்ல மிஸ்' என்கிறார்கள். 'வீட்ல யாரும் இல்லாதப்ப என்ன பண்ணுவ?' என்று நான் கேட்ட அன்றைக்குத்தான் அவன் வாய் திறந்தான். நீ அங்கே புதிதாக வரும் பிள்ளையிடம் முதலில் என்ன கேட்கிறாய், என்ன சொற்களில் கேட்கிறாய் என்று எழுது. புதிய பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வந்துகொண்டிருக்கிறார்கள். எல்லாரும் வந்து சேர்வதற்குள் உன் பதில் வந்தால் நல்லது.

அன்புடன்,
உன் பழைய விடுதி அறைத்தோழி