நான் தாண்டாத கணவாய்

அன்புள்ள சேது,

நலம். வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதம் வந்து ஆறு வாரமாகிறது. தாமதத்துக்கு வேலைப்பளுவைக் காரணம் காட்டினால் நீ நம்பமாட்டாய், நம்பவும் கூடாது. கடிதத்தோடு நீ இணைத்திருந்த பயண அட்டவணைதான் என்னை எழுதவிடாமல் செய்தது. பதினோராம் நாள் காலை ஒன்பதே காலுக்கு நேபாளத்தின் தோரோங் லா கணவாய் உச்சி, பன்னிரண்டாம் நாள் முக்திநாத் தரிசனம், பதின்மூன்றாம் நாள் பொக்காரா, பதினான்காம் நாள் காத்மாண்டிலிருந்து விமானம் என்று மணிக்கணக்கில் எழுதியிருக்கிறாய். நீ ரயில்வேயில் சேராமல் போனதில் நஷ்டம் யாருக்கு என்று நம் நடைக்குழுப் பொருளாளரும் நானும் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறோம். அதெல்லாம் இருக்கட்டும். அட்டவணையின் அடியில், "வரதன் தாண்டிய கணவாயை நான் தாண்டமாட்டேனா?" என்று ஒரு வரி எழுதியிருந்தாய் அல்லவா, அந்த வரிக்குத்தான் இப்போது பதில் எழுதுகிறேன்.

நான் அந்தக் கணவாயைத் தாண்டவில்லை.

முக்திநாத் கோயில் வாசலில் நின்று எடுத்து அனுப்பிய படம் உண்மைதான். 108 நீர்த்தாரைகளில் நனைந்ததும் உண்மைதான். ஆனால் அங்கே நான் மேலிருந்து இறங்கி வரவில்லை. ஜோம்சோம் வழியாக ஜீப்பில் வந்து இறங்கினேன். படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் தாங்களாகவே ஒன்றை நினைத்துக்கொண்டார்கள், நான் மறுக்கவில்லை. நடைக்குழுவில் எனக்குப் பொன்னாடை போர்த்தியபோதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன், "எல்லாம் உங்கள் ஆசி" என்று மட்டும் சொன்னேன். அந்தப் பொன்னாடையை அலமாரியில் பார்க்கும்போதெல்லாம் கதவைச் சற்று வேகமாகச் சாத்துகிறேன்.

நடந்தது இது. ஏப்ரல் முதல் வாரத்தில் மனாங் சேர்ந்தோம். 3,500 மீட்டர் உயரத்தில் இருந்த அந்த ஊரில் வெயில் சுள்ளென்று அடித்தது. தரையில் ஒரு பிடி பனியைக்கூடக் காண முடியவில்லை. அன்னபூர்ணாத் தொடரின் மழை மறைவில் இருப்பதால் மழைக்காலத்திலும் மனாங்கில் பெரிதாக மழை கிடையாது, அந்த வறண்ட மண்ணைப் பார்த்துக் கணவாயும் இப்படித்தான் இருக்கும் என்று எண்ணிவிட்டேன். உனக்கும் அந்த எண்ணம் வரும் என்பதால் கணக்கைச் சொல்கிறேன். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி குறைகிறது. தோரோங் லாவின் உயரம் 5,416 மீட்டர். மனாங்கில் 10 டிகிரி குளிரில் தூறல் விழுந்தால், அதே நேரத்தில் கணவாயில் பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு டிகிரியில் பனி கொட்டும். காற்றில் கிடைக்கும் பிராணவாயுவும் கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழப் பாதிதான். கீழே சட்டையை நனைக்கும் தூறல், மேலே பாதையையே அழித்துவிடுகிறது.

கணவாயின் அடிவாரத் தங்குமிடமான தோரோங் பேதியில் ஓர் இரவு தங்கி, மறுநாள் அதற்கும் மேலே உள்ள தங்குமிடமான ஹை கேம்புக்கு ஏறினோம். அன்று இரவு ஏழு மணிக்குத் தொடங்கிய பனி விடியும்வரை நிற்கவில்லை. காலை நாலரைக்குத் தலைவிளக்கோடு கிளம்பினோம். கணவாயில் முற்பகல் முடிவதற்குள் காற்று எழுந்துவிடும் என்பதால் எல்லோரும் இருட்டிலேயே கிளம்பிவிடுகிறார்கள். தங்குமிடத்தைத் தாண்டியதும் ஒரு செங்குத்தான சரிவின் குறுக்கே போகும் ஒற்றையடிப் பாதை வரும், அதன் பின் ஒரு சிறிய இரும்புப் பாலம். குளிர்காலம் முழுக்க விழுந்து, பகலில் உருகி, இரவில் உறைந்து, மறுபடி உருகி உறைந்த பழைய பனி அந்தச் சரிவில் கண்ணாடிபோல இறுகிக் கிடந்தது. அதன்மேல்தான் முதல்நாள் இரவின் புதுப்பனி கணுக்காலுக்கு மேல் மாவுபோலப் படிந்திருந்தது. காலை வைத்தால் மாவு விலகும், கீழே கண்ணாடி வழுக்கும். வழிகாட்டி தன் கோலைக் குத்தினார். முதல் சாண் சத்தமில்லாமல் இறங்கியது. பிறகு 'டொக்' என்று நின்றது. இரண்டடி தள்ளிக் குத்தினார், அங்கும் 'டொக்'. மூன்றாவது இடத்தில் கோல் கைப்பிடிவரை உள்ளே போனது. காற்று ஓரிடத்துப் பனியை வாரி இன்னோர் இடத்தில் கொண்டுபோய்க் குவித்திருந்தது. மேலே, பாதையைக் காட்ட நட்டிருந்த கம்பங்களின் தலைகள் மட்டும் விளக்கொளியில் தெரிந்தன. நான்காவது கம்பத்துக்கு அப்பால் அதுவும் தெரியவில்லை.

அவரைத் 'தாய்' என்றுதான் கூப்பிட்டு வந்தேன். நேபாளியில் அது அண்ணன். கோலைத் துடைத்துக்கொண்டு, "இன்றைக்கு வேண்டாம்" என்றார் தாய். அவர் சொன்னது அவ்வளவுதான். நான் எவ்வளவு பேசியிருப்பேன் என்று உனக்குத் தெரியும், பேசினேன். அவர் அந்தச் சரிவைக் கைகாட்டிவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தார்.

இதற்குள் எங்களைக் கடந்து ஏழெட்டுப் பேர் மேலே போனார்கள். இதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை: அவர்கள் அனைவரும் அன்று பத்திரமாகக் கணவாயைத் தாண்டினார்கள். பனிச்சரிவு எதுவும் விழவில்லை. 'நல்லவேளை திரும்பினேன், அன்று அங்கே இப்படி ஆயிற்று' என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அன்று அங்கே ஒன்றும் ஆகவில்லை. அதனால்தான் இத்தனை மாதமாக எனக்கு வாய் வரவில்லை. யாராவது ஒருவர் காலையாவது முறித்துக்கொண்டிருந்தால் நான் விவேகியாகியிருப்பேன். அப்படி எதுவும் நடக்காததால், திரும்பியவன் பயந்தாங்கொள்ளியாகவே நின்றுவிட்டேன். இருந்தாலும் இதை எத்தனையோ முறை மனத்தில் புரட்டிப் பார்த்துவிட்டேன், தாய் சொன்னது சரி. முப்பது முதல் நாற்பத்தைந்து டிகிரிவரை சாய்ந்த சரிவுகளில்தான் பனிச்சரிவுகள் அதிகம் நேர்கின்றன. புதுப்பனி விழுந்த முதல் ஓரிரு நாட்களே ஆபத்து மிகுந்தவை. பழைய இறுகிய பரப்பின்மேல் புதுப்பனி ஒட்டாமல் கிடந்தால் ஆபத்து இரட்டிப்பாகிறது. அன்று அந்த மூன்றும் ஒருங்கே இருந்தன. முன்னே போனவர்களைச் சரிவு விட்டுவைத்தது என்பதால் அது விட்டுவைக்கும் சரிவு என்று ஆகிவிடாது.

திரும்பியதும் அங்கேயே காத்திருந்திருக்கலாமே என்று நீ கேட்பாய். என்னிடம் மூன்று நாள் உபரி இருந்தது. ஆனால் தலை விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. சோற்றைக் கண்டாலே குமட்டியது. அந்த நிலையில் கிட்டத்தட்ட 4,900 மீட்டரில் இன்னோர் இரவு தங்கக் கூடாது, இறங்கத்தான் வேண்டும். இறங்கினேன். தோரோங் பேதியில் ஓர் இரவு தூங்கியதும் தலைவலி போய்விட்டது. அப்போதாவது அங்கே தங்கியிருக்க வேண்டும். வெட்கம் விடவில்லை. ஜீப் ஏறிப் பெசிசஹர் வந்து, பொக்காரா போய், முக்திநாத்துக்கு இன்னொரு ஜீப் பிடித்து, மூன்று நாளையும் சாலையில் கரைத்தேன். நான் கோயில் வாசலில் படத்துக்கு நின்ற அன்று, பாதை நன்றாக மிதிபட்டு, வானம் துடைத்துவிட்டதுபோல இருந்து, எங்கள் தங்குமிடத்தில் காத்திருந்த ஒரு தம்பதி கணவாயிலிருந்து நடந்தே இறங்கி வந்து என்னைப் பார்த்துக் கையசைத்தார்கள். ஆழ்வார்கள் பாடிய சாளக்கிராமம் இதுதான் என்று நம்பி வந்த இடத்தில், பெருமாளைச் சேவிக்கும்போதும் அந்தக் கையசைப்புதான் நினைவில் நின்றது.

இனி உன் அக்டோபர் பயணத்துக்கு வருகிறேன். வசந்த காலப் பனியும் இலையுதிர் காலப் பனியும் ஒன்றல்ல. நான் பார்த்தது குளிர்காலத்தின் மிச்சம். வசந்தத்தில் அது அங்கேயே கிடக்கும். விடியற்காலையில் கல்லாக இருந்து, வெயில் ஏறிய பின் கூழாகித் தொடைவரை காலை விழுங்கும். அதை நேரத்தால் சமாளிக்கலாம், சீக்கிரம் கிளம்பினால் பெரும்பாலும் தீர்ந்தது. அக்டோபரில் பெரும்பாலான நாட்களில் கணவாயில் வெறும் கல்லும் மண்ணும்தான் இருக்கும். மழைக்காலம் கழுவிவிட்ட தெளிவான வானம் இருக்கும். நீ படித்த பயணக் குறிப்புகள் எல்லாம் அந்த நாட்களைப் பற்றியவை, அவை பொய்யும் அல்ல. ஆனால் அக்டோபர் பனி வந்தால் ஒரேயடியாக வரும், பல நேரம் அது வருவதும் நம் பக்கத்திலிருந்துதான்.

2014 அக்டோபர் 12 அன்று ஹுத்ஹுத் புயல் விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்தது நினைவிருக்கிறதா? நாம் தொலைக்காட்சியில் முறிந்த மரங்களைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு வேறு அலைவரிசைக்குப் போய்விட்டோம். அந்தப் புயலின் மிச்சம் வடக்கே நகர்ந்து, இரண்டே நாளில், 14ஆம் தேதி, அன்னபூர்ணாப் பகுதியில் பனியாகக் கொட்டியது. பயணிகள் நிறைந்திருந்த பருவம். காலையில் கிளம்பியவர்கள் கணவாயின் உச்சியருகே மாட்டிக்கொண்டார்கள். உச்சியில் உள்ள சிறிய தேநீர்க் குடிலில் ஒதுங்கியவர்களில் பலர், அங்கிருந்து முக்திநாத் பக்கம் இறங்க முயன்று, வெண்மையில் வழி தவறி இறந்தார்கள். பனிப்புயலிலும் பனிச்சரிவுகளிலும் அந்த வட்டாரத்தில் மாண்டவர்கள் குறைந்தது 43 பேர். 1995 நவம்பரிலும் இப்படித்தான் வங்கக் கடல் புயல் ஒன்று எவரெஸ்ட் பக்கத்தில் பனியைக் குவித்தது. கோக்கியோ பள்ளத்தாக்கில் ஒரு விடுதியின்மேல் சரிவு விழுந்து, 13 ஜப்பானியர் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் உறக்கத்திலேயே போனார்கள்.

ஆகவே சேது, மலையைப் பார்ப்பதற்கு முன் கடலைப் பார். 'வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்' என்று கேட்டால் நீயும் நானும் குடையைத் தேடுவோம். அந்த மாதத்தில் மனாங்கில் இருப்பவன் அதைக் கேட்டால் மேலே ஏறாமல் உட்கார வேண்டும். இந்திய வானிலை ஆய்வு மையத்தின் புயல் அறிக்கையை யாராவது தினமும் பார்த்து உனக்குச் செய்தி அனுப்பட்டும். அந்த வேலையை நானே ஏற்கிறேன். ஹை கேம்பில் தொலைபேசித் தொடர்பை நம்பாதே. மனாங்கில் இருக்கும்போதே பேசிவிடு. அங்கே இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையம் பருவக் காலத்தில் திறந்திருக்கும். பிற்பகல் மூன்று மணிக்கு உயர நோயைப் பற்றி மருத்துவர்கள் பேசுவார்கள். கேள்வி கேட்டு அவர்களை வதைக்காமல் கேள்.

சாமான்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், நீ ஏற்கெனவே ஒரு கடையையே வாங்கியிருப்பாய். காலணியின்மேல் மாட்டும் முள்சங்கிலி, பனி உள்ளே புகாமல் தடுக்கும் கால் உறை, கருப்புக் கண்ணாடி, இவை மூன்றும் போதும். கண்ணாடியை மட்டும் உன் சுமைதூக்கிக்கும் ஒன்று வாங்கு. எங்களோடு வந்த பையனிடம் இல்லை. புதுப்பனி புற ஊதாக் கதிரில் எண்பது விழுக்காடுவரை திருப்பி அடிக்கும். அன்று மாலை அவன் ஈரத்துணியைக் கண்ணில் கட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தான். என் பையில் மாற்றுக்கு இன்னொரு கண்ணாடி இருந்தது என்பது மறுநாள்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. இதையும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

கடைசியாக, சண்டைக்கு வருகிறேன். உன் அட்டவணையில் காத்திருக்க ஒரு நாள்கூட இல்லை. மூன்று நாளாவது சேர். அவற்றுக்குத் தோரோங் பேதி என்றோ மனாங் என்றோ பெயரும் எழுதி வை, ஏனென்றால் பெயரில்லாத உபரி நாள் ஜீப்பில்தான் போகும். விமானச் சீட்டை மாற்றப் பணம் பிடித்துக்கொள்வார்கள் என்று நீ புலம்புவாய். பாதியை நான் தருகிறேன்; இது தமாஷ் இல்லை. ஒன்பதே காலுக்கு உச்சியில் நிற்பேன் என்று எழுதியவன், எட்டு மணிக்குத் தாய் கோலைத் துடைத்துக்கொண்டு 'வேண்டாம்' என்றால் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். மேலே போவான். உன்னோடு நாற்பது வருடம் பழகியிருக்கிறேன்.

புது அட்டவணையை இந்த மாதத்துக்குள் அனுப்பு. நடைக்குழுவில் வரும் ஞாயிற்றுக்கிழமை நானே எழுந்து உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதற்குள் நீ முந்திக்கொள்ளாதே. பொன்னாடையைத் திருப்பித் தர வேண்டுமா, வைத்துக்கொள்ளலாமா என்று மட்டும் பொருளாளரை ஜாடையாகக் கேட்டு எழுது. வைத்துக்கொள்ளச் சொன்னால் உன் பையில் மடித்து வைக்கிறேன், மேலே குளிரும்.

உன்,
வரதன்