கரிபா அணையைப் பத்தி எழுதினா பிங்காவையும் எழுதுங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல, ஆப்பிரிக்காவுல ஜாம்பியா - ஜிம்பாப்வே எல்லையில ஜாம்பேசி ஆத்துக்குக் குறுக்கே இருக்கற கரிபா அணை பத்தி வந்த பயணக் கட்டுரை படிச்சேன். 128 மீட்டர் உயரம், கொள்ளளவுல உலகத்துலயே பெரிய செயற்கை ஏரி, சாயங்கால போட்டிங், நீர்யானைன்னு நல்லாதான் எழுதியிருந்தாங்க, படங்களும் அருமை. ஆனா அந்தத் தண்ணிக்கு அடியில யாரோட ஊரெல்லாம் கிடக்குன்னு ஒரு வரி கூட இல்லையே சார், மனசு கேக்கல, அதான் எழுதறேன்.

ஜிம்பாப்வே பக்கம் ஏரியை ஒட்டி பிங்கான்னு ஒரு கிராமப்புற மாவட்டம் இருக்கு. அங்க பெரும்பாலும் டோங்கா மக்கள்தான். அணைக்கு முன்னாடி இவங்க ஜாம்பேசி ஆத்தங்கரையிலயே வாழ்ந்தவங்க. வெள்ளம் வடிஞ்சதும் கரையில வண்டல் படிஞ்சிருக்கும்ல, ஈரம் காயறதுக்குள்ள அதுல விதைச்சிருவாங்க, மழைய நம்பிப் போடற கம்பு சோளம் தனி, இது தனி, மழை பொய்ச்சாலும் இந்த ரெண்டாவது வெள்ளாமை கைகொடுக்கும். சொந்தபந்தம் எல்லாம் ரெண்டு கரையிலயும் இருந்துச்சு, மரத்தைக் குடைஞ்சு செஞ்ச தோணியில இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வந்துட்டு இருந்தாங்க.

1950கள் கடைசியில ரெண்டு கரையிலயும் சேர்த்து சுமார் 57,000 பேரை அங்கிருந்து கிளப்பிட்டாங்க. லாரியில ஏத்திட்டுப் போய் மேட்டு நிலத்துல இறக்கிவிட்டாங்க, மண்ணு சத்தில்லாத மண்ணு, பக்கத்துல ஆறும் கிடையாது, முன்னோர் சமாதியெல்லாம் தண்ணிக்குள்ள போயிடுச்சு. இப்ப ஜாம்பியாவா இருக்கற அந்தக் கரையில, ஊரை விட்டுப் போகமாட்டோம்னு எதிர்த்து நின்ன கிராமத்து ஜனங்க மேல 1958ல போலீஸ் சுட்டதுல 8 பேர் செத்தாங்க. அதே சமயத்துலதான் ஏரியில மாட்டிக்கிட்ட விலங்குங்களைக் காப்பாத்த ஆபரேஷன் நோவா நடந்துச்சு, 6,000 விலங்குக்கு மேல கரை சேர்த்தாங்க. அது நல்ல காரியம், குறை சொல்லல. ஆனா உங்க கட்டுரையில அதுக்கு முழுசா ஒரு பத்தி இருக்கு, இந்த 57,000 பேருக்கு எதுவுமே இல்ல, அதுதான் வலிக்குது.

கரண்ட் யாருக்குப் போச்சுன்னு பாருங்க, ஜாம்பியா பக்கம் தாமிரச் சுரங்கத்துக்கு, ஜிம்பாப்வே பக்கம் பெரிய ஊர்களுக்கு. பிங்காவுல பல கிராமங்களுக்கு இன்னிக்கும் லைன் போகல. ஏரி பக்கத்துலயே இருந்தும் குடிதண்ணிக்கு அடிபம்பைத் தேடி நடக்கறாங்க. 1960கள்ல டாங்கனிக்கா ஏரியில இருந்து கொண்டுவந்து விட்ட கபெண்டான்னு ஒரு மீன் இருக்கு, நம்ம நெத்திலி சைஸ்தான், ராத்திரியில விளக்கு போட்டு வலை இறக்கிப் பிடிப்பாங்க, ஆனா அதுக்கான ரிக்குங்கற மீன்பிடி மிதவை வாங்கவும் லைசன்ஸ் எடுக்கவும் ஆகற காசு சாதாரண கிராமத்துக்காரன் கையில ஏது. 2024ல எல் நினோ வறட்சி வந்தப்ப ஏரித் தண்ணியே ரொம்ப இறங்கிப்போச்சு, கம்பும் சோளமும் கருகிடுச்சு.

இவ்வளவுக்கும் நடுவுல அவங்க சும்மா உக்காந்துடல. விடாம கேட்டுக் கேட்டு, 2011ல ஏழாம் வகுப்புப் பரீட்சையில டோங்கா மொழியைப் பாடமா கொண்டுவந்தாங்க, 2013 அரசியல் சட்டத்துல ஆட்சிமொழிகள்ல ஒண்ணாவும் சேர்த்துட்டாங்க. இதையெல்லாம் எழுதணும் சார்.

அடுத்த தடவை உங்க எழுத்தாளர் அங்க போனா அணையோட திரும்பிடாம பிங்கா டவுன்ல இருக்கற டோங்கா மக்களோட பாடோங்கா மியூசியத்துக்குப் போகச் சொல்லுங்க, அப்படியே அந்த மாவட்டத்துல இருக்கற சியாச்சிலாபா, மஞ்சோலோ ஊர்கள் பக்கம் போய், லாரியில ஏத்தப்பட்டப்ப சின்னப் பிள்ளையா இருந்த பெரியவங்க யாராச்சும் இருந்தா அவங்க வாயாலயே கேட்டு எழுதச் சொல்லுங்க. அவங்களுக்கெல்லாம் இப்ப எழுபது எண்பது வயசு ஆயிருக்கும், சீக்கிரம் போகணும்.

இப்படிக்கு,
உங்க நீண்ட நாள் வாசகி, திருச்சி